வால் உள்ளே இருந்தால் போதும்

ஆர்க்கிடெக்ட் கிரீம் பிஸ்கட் தின்பதைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்க்கும் கொடுப்பினை அன்றுதான் அவளுக்கு வாய்த்தது. பிஸ்கட்டை இரண்டாகப் பிரிப்பார். கிரீம் ஒட்டிய பாதியை நாக்கால் வழித்தெடுப்பார். வழித்ததையும் வழிக்காததையும் மறுபடி சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகச் சப்புவார். அதே விரல்களால் பகடையை எடுத்து, உள்ளங்கையில் குலுக்கி, ஃபூ என்று ஊதி உருட்டுவார். அது பொதுப் பகடை. அடுத்த முறை அவளும் அதையேதான் எடுத்தாக வேண்டும்.

அவள் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்ட். இருமலோடும் தும்மலோடும் நீட்டப்படும் சீட்டுகளை நாள் முழுக்க வாங்குகிறவள். அவளுக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் இதுதான். ஆறடிக்கு நாலடி மேசை. மேலே தெர்மோகோல் குன்றுகள், இடிந்த சுவர்கள், நடுவில் உடைந்த கோபுரம் ஒன்று. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, எல்லாம் விரல் உயரப் பொம்மைகள். அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது சுற்று முடியும்போது கோபுரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. வளர்ந்த கழுதைகள் பொம்மை வைத்து விளையாடுகிறார்களா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுகிறவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அன்றைக்குச் சங்கத்தின் தேர்வுப் போட்டி. வெளியூர்ப் பந்தயத்துக்கு நாலு பேர் கொண்ட அணி போக வேண்டும். மத்தியானத்துக்குள் மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு மூன்றாம் மேசையில் அவளும் ஆர்க்கிடெக்டும் ஆடினார்கள்.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். சும்மா இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டும். சங்கத்தில் சேர்ந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் அவள் செய்தது என்ன? மற்றவர்களின் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தாள். 'உனக்குத்தாம்மா கை நடுங்காது' என்றார்கள். போர்டில் கணக்கு எழுதினாள். 'உன் கையெழுத்துதாம்மா முத்து முத்தா இருக்கு.' எல்லோரும் போன பிறகு காகிதக் கப்புகளைப் பொறுக்கினாள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலையில் போர்டில் ஆட்டக்காரர்களின் பட்டியலை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ஆர்க்கிடெக்ட், லெக்சரர், பல் டாக்டர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'டேப்பு தங்கச்சி' என்று முடித்திருந்தார்கள். டேப்பு தங்கச்சி என்றால் அவள்தான்.

டேப்பு அவளுடைய அண்ணன். திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பான். இடுப்பில் எப்போதும் இரும்பு டேப் தொங்கும், தூங்கும்போது மட்டும்தான் கழற்றி வைப்பான். ஆர்க்கிடெக்ட் கட்டும் வீடுகளின் ஜன்னல்களுக்கெல்லாம் அவன்தான் அளவு. அந்தப் பழக்கத்தில்தான் சங்கத்துக்குள் வந்தான், வந்த வேகத்தில் நடுவர் ஆனான். விதி என்றால் அவனுக்கு உயிர். யாருக்கும் தேவைப்படாத விதிகளைக்கூட எழுதி வைத்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் எதிராளியின் நடத்தைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும், பூஜ்யம் என்றால் காரணத்தை நடுவர் மைக்கில் சொல்ல வேண்டும் என்பது வரைக்கும்.

மூலப் புத்தகம் ஆங்கிலத்தில் செங்கல் தடிமனுக்கு இருக்கும். அதைச் சுருக்கித் தமிழில் ஒரு ஷீட் போட்டவனும் அண்ணன்தான். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். 'குடு அண்ணா, ஒரு தடவை சரிபார்த்துத் தர்றேன்' என்று கேட்டாள். 'நீ மாத்திரை டப்பா மேல இருக்கிறதைப் படி, போ' என்றான். சரி என்று விட்டுவிட்டாள். இரண்டு வருஷமாகச் சங்கம் முழுக்க அந்த ஷீட்டை வைத்துத்தான் ஆடுகிறது.

கூடத்தில் ஃபேன் போடக்கூடாது, சீட்டுகள் பறக்கும் என்பதால். எட்டு மேசை, பதினாறு பேர், அதற்கு மேல் வேடிக்கை பார்க்கிறவர்கள். அத்தனை பேரின் வியர்வையும் டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே நின்றது. ஆர்க்கிடெக்டின் படை வெள்ளிக் குதிரைவீரர்கள். பஞ்சு மெத்தையில் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிக் குழி வெட்டிய பெட்டியில் வந்து இறங்கினார்கள். அவளுடையது எலும்புக்கூட்டுப் படை. வெளிநாடு போன ஒருவன் போட்டுவிட்டுப் போனதை வாங்கி, உடைந்த கைகளுக்குக் குண்டூசி வைத்து ஒட்டி, வர்ணம் தீர்ந்த இடத்தில் நகப்பூச்சு அடித்துத் தேற்றிய படை.

இரண்டாவது சுற்றில் எலும்புக்கூடுகள் பன்னிரண்டு குதிரைகளில் ஏழைச் சாய்த்துவிட்டன. படைக்குள் இருக்கும் ஒரு அணியில் பாதிக்கு மேல் செத்தால், மிச்சம் இருப்பவர்கள் பயந்து ஓடுகிறார்களா என்று இரண்டு பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் எட்டோ அதற்கு மேலோ வர வேண்டும். வராவிட்டால் அந்த அணியையே வழித்து எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு படைக்கும் ஒரு கொடிக்காரன் உண்டு. கொடியிலிருந்து ஒன்பது அங்குலத்துக்குள் இருக்கிற அணி பயப்படாது, உருட்டவே வேண்டாம்.

"உள்ளதான் இருக்கும்மா," என்றார் ஆர்க்கிடெக்ட், அளக்காமலே.

அவள் டேப்பை நீட்டி அளந்தாள். ஐந்து குதிரைகளில் நாலு வெளியே நின்றன. ஐந்தாவதன் பின்பக்கம் மட்டும் ஒன்பதாவது அங்குலக் கோட்டைத் தொட்டது.

"கடைசிக் குதிரையோட வால் மட்டும்தான் சார் உள்ள இருக்கு."

"வால் உள்ள இருந்தா போதும்மா. ஒருத்தன் உள்ள இருந்தா மொத்த அணியும் உள்ள. ஷீட்ல அப்படித்தானே போட்டிருக்கு?" என்று சிரித்தார். பல் இடுக்கில் கிரீம்.

ஷீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. 'கொடிக்கு ஒன்பது அங்குலத்துக்குள் உள்ள அணி.' எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். அவளும் தலையாட்டினாள். வால் காப்பாற்றிய அந்த ஐந்து குதிரைகள் மூன்றாவது சுற்றில் அவளுடைய கவண் வண்டியை மிதித்துத் துவைத்துவிட்டுப் போயின. அவளுடைய கவண்காரர்களை மேசையிலிருந்து எடுத்துத் தரும் உபகாரத்தையும் ஆர்க்கிடெக்டே செய்தார். மூன்று பொம்மைகளின் தலையிலும் பிஸ்கட் தூள்.

"சாரிம்மா. ரொம்ப சாரி. நல்லாத்தான் ஆடினே."

அவருடைய சாரிகளை அவள் அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டாள். ஓர் அங்குலம் கூடுதலாக நகர்த்திவிட்டு ஒரு சாரி. விழுந்த பகடையைப் படக்கென்று எடுத்துவிட்டு, "ஆறுதாம்மா விழுந்துச்சு, சாரி, பழக்கம்" என்று ஒரு சாரி. மனுஷன் என்றால் மறதி இருக்கும், தப்பு வரும். ஆனால் ஒரு மனுஷனுக்கு வருகிற தப்பெல்லாம் அவனுக்கே லாபமாக வருமா? மருந்தகத்தில் அவள் பார்த்த தப்புகள் இரண்டு பக்கமும் சாயும். ஒரு நாள் மாத்திரை கூடுதலாகப் போகும், ஒரு நாள் குறைவாகப் போகும். இவருடைய தராசு மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, அதுவும் இவ்வளவு பணிவோடு.

ஐந்தாவது சுற்றில் நிலவரம் இப்படி இருந்தது. கோபுரத்தைச் சுற்றி அவளுடைய எலும்புக்கூடுகள். இருபதில் பதினொன்று செத்து ஒன்பது மிச்சம். மூன்று கொடிக்குப் பக்கத்தில், மற்ற ஆறு கோபுரத்தடியில், நடுவில் சங்கிலிபோல நீண்டு நின்றன. மூன்று உள்ளே, ஆறு வெளியே. வால் கணக்குப்படி மொத்த அணியும் உள்ளே. பயப்பட வேண்டியதில்லை, உருட்ட வேண்டியதில்லை, கோபுரம் அவளுடையது, நாலாவது இடமும் அவளுடையது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன் கைதட்டக்கூடக் கையைத் தூக்கிவிட்டான்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் ஆர்க்கிடெக்ட்.

மிச்சமிருந்த பிஸ்கட்டை நிதானமாக முடித்தார், விரலைச் சப்பினார், போனை எடுத்தார். அவர் எதையும் தேடவில்லை. திறந்த உடனே மூலப் புத்தகத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றது, அந்த ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. அவள் அந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"ஷீட்ல சின்னதா ஒரு பிசகு இருக்கும் போலம்மா. நான் சொன்னா நல்லா இருக்காது. ஜட்ஜைக் கூப்பிடுவோமா?"

அண்ணன் வந்தான். போனை வாங்கிப் படித்தான். உதட்டை அசைத்து இன்னொரு தடவை படித்தான். மூலத்தில் இருந்தது வெறும் 'உள்ளே' இல்லை, 'முழுக்க உள்ளே'. அணியில் ஒவ்வொருவனும் ஒன்பது அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். ஒருவன் வெளியே இருந்தாலும் கொடி உதவாது. அந்த 'முழுக்க'வைத்தான் அண்ணன் தமிழில் முழுக்க விழுங்கியிருந்தான்.

அவன் காது சிவப்பதை அவள் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய்யும் வெட்கமும் முதலில் காதில்தான் தெரியும்.

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சுப்பா, அவ்வளவுதான்," என்று ஆர்க்கிடெக்ட் அவன் தோளில் கை போட்டார். எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை. "யாருக்கு வராது? இவ்வளவு பெரிய வேலைய நீ ஒருத்தனா செஞ்சிருக்கே. நாங்கல்லாம் உனக்குக் கடன்பட்டவங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எரிகிற கொள்ளியைத் தூக்கி அண்ணன் மடியில் போட்டுவிட்டு, அவரே விசிறியும் விடுகிறார்.

"சரி அண்ணா, ஷீட் தப்பாவே இருக்கட்டும்," என்றாள் அவள். "போட்டி எந்த ஷீட்ல ஆரம்பிச்சுதோ அதுலதான் முடியணும், மாத்தறதா இருந்தா ஆட்டத்துக்கு முன்னாடி அறிவிக்கணும். இதை எழுதினவன் நீதானே? அடுத்த போட்டிக்குத் திருத்திக்கோ. இன்னிக்கு ஷீட்டுதான் செல்லும். ரெண்டாவது சுத்துல சாரோட குதிரைக்கு வால் போதும்னா, என் எலும்புக்கு மூணு ஆளு போதும்."

விதி அதுதான். அண்ணனுக்கும் தெரியும். விதியை எழுதினவனுக்குத் தெரியாதா? சுற்றிலும் முகங்கள் அவனையே பார்த்தன. இரண்டு வருஷம் தப்பான ஷீட்டில் ஆடவிட்டவன் என்று அந்த முகங்கள் இன்னும் சொல்லவில்லை, சொல்லப்போகும் தோரணையில் இருந்தன. டேப்பை ஓர் அடி இழுத்தான், விட்டான். அது சர்ரென்று உள்ளே போனது.

"அதான் காலையிலேயே அறிவிச்சேனே," என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அண்ணனிடம் சோறுகூட இல்லை, வெறும் தட்டில் வைத்து மறைத்தான்.

"எப்ப?"

"காலையில. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. மைக்ல."

"முதல் வரிசையில உட்கார்ந்திருந்தேன்ணா. உன் கூடவே வண்டியில வந்து, உன் மைக்குக்கு வயர் மாட்டினவளே நான்தான். கேட்டுக்கு முன்னாடி வண்டி நிறுத்தாதீங்க, வாட்ச்மேன் சத்தம் போடறார்னு சொன்னே. ஃபேன் போடாதீங்கன்னு சொன்னே. அப்புறம் 'ஆல் த பெஸ்ட்'டுன்னு சொல்லிட்டு இறங்கினே. முழுக்கங்கிற வார்த்தை எங்க வந்துச்சு?"

"கடைசியில சொன்னேன். உனக்குக் கேக்கலைன்னா நான் என்ன பண்றது?"

"வேற யாருக்காவது கேட்டுச்சா?" என்று அவள் திரும்பினாள்.

பதினாறு பேரில் பாதிப் பேர் அவளைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒருவர் தன் பகடைகளை எண்ணத் தொடங்கினார். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். காலையிலேயே அணியில் இடம் பிடித்துவிட்ட லெக்சரர், யாருக்கும் கெட்டவன் ஆகாத குரலில், "சொன்ன மாதிரிதான் இருந்துச்சு" என்றார். அவ்வளவு போதும். "ஆமா ஆமா, கடைசியில ஏதோ சொன்னாரு." "மைக் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சுல்ல, அதான்." ஒரு நிமிஷத்துக்குள் நடக்காத ஒன்றுக்கு நாலு சாட்சி முளைத்தாயிற்று. வேலிக்கு ஓணான் சாட்சி என்றால், இங்கே வேலி நெடுக ஓணான்கள் தலையாட்டிக்கொண்டு நின்றன.

"அப்ப ரெண்டாவது சுத்து?" அவள் விடவில்லை. "காலையிலேயே அறிவிச்சதுன்னா, சார் வால் போதும்னு சொன்னது பொய்யா? அந்தக் குதிரை அப்பவே உருட்டியிருக்கணும்ல?"

"அப்பவே நீ ஜட்ஜைக் கூப்பிட்டிருக்கணும். முடிஞ்ச சுத்து முடிஞ்சதுதான்," என்றான் அண்ணன். இது மட்டும் உண்மையான விதி. அவன் பொய்க்கு முட்டுக் கொடுக்கவென்றே ஓர் உண்மை அங்கே தயாராக நின்றது.

"நான் தப்பான மாத்திரை குடுத்திட்டு, முடிஞ்ச வேளை முடிஞ்சது, அடுத்த வேளையில இருந்து சரியா குடுக்கறேன்னு சொன்னா என்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"இது ஆஸ்பத்திரி இல்லடி."

"ஆமாண்ணா, ஆஸ்பத்திரி இதைவிடச் சுத்தமா இருக்கும். நீ பொய் சொல்றே. உன் காதைப் போய்க் கண்ணாடியில பாரு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அண்ணன் வாயைத் திறந்தான். 'ஆமா, சொல்லலை' என்று வந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அதற்குள் ஆர்க்கிடெக்ட் குறுக்கே வந்தார். ரொம்பவும் வாஞ்சையாக.

"அண்ணன் தங்கச்சி சண்டைய வீட்ல வெச்சுக்கலாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவனுடைய சிரிப்புத்தான் எல்லோரையும்விடப் பெரியது, தண்ணீரில் மூழ்கப்போனவனுக்கு மூச்சு கிடைத்ததுபோல. அத்தோடு அவள் பேசியதெல்லாம் விதியைப் பற்றியது இல்லாமல் போயிற்று. தண்ணி மோட்டார் போடலையா, என் துண்டை யார் எடுத்தது என்கிற ரகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வேறு யாருக்காவது தங்கையாகவோ, யாருக்கும் எதுவும் ஆகாதவளாகவோ இருந்திருந்தால் அது முறையீடு. டேப்புக்குத் தங்கச்சியாக இருந்ததால் அது வீட்டுச் சண்டை.

"உருட்டும்மா," என்று ஆர்க்கிடெக்ட் பகடை இரண்டையும் அவள் பக்கம் தள்ளினார். "எட்டு வந்தா போதும்."

பகடை பிசுபிசுத்தது. பையிலிருந்து சானிடைசரை எடுத்து இரண்டு பகடையிலும் விட்டு, கைக்குட்டையால் ஒவ்வொரு முகமாகத் துடைத்தாள். "டைம் ஆகுதும்மா" என்றார். "ஆகட்டும் சார்" என்றாள். உருட்டினாள்.

ஒன்று மூன்றில் நின்றது. மற்றது உருண்டு போய் இடிந்த சுவரில் சாய்ந்து நின்றது. மேலே ஐந்து. கூட்டினால் எட்டு.

"சாஞ்சிருக்கு," என்றார் ஆர்க்கிடெக்ட் உடனே. இப்போது 'சாரி' இல்லை, 'ம்மா'வும் இல்லை. "சாஞ்சா திரும்ப உருட்டணும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். "சாஞ்சா திரும்ப உருட்டணும்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னான்.

உருட்டினாள். ஆறு. முன்னே நின்ற மூன்றோடு சேர்த்து ஒன்பது.

ஒன்பது எலும்புக்கூடுகளும் நின்ற இடத்திலேயே நின்றன. கோபுரம் அவளுடையது. அவள் ஜெயித்துவிட்டாள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள், ஏழெட்டு விநாடி. நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் எழுந்தது உண்மைதான். அதற்குள் ஆர்க்கிடெக்ட் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"பார்த்தீங்களா? சரியான ரூல்ல ஆடி ஜெயிச்சா அதுக்கு ருசியே தனி. நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். ஆனா நாளைக்கு யாரும் இந்தப் பொண்ணப் பார்த்து, தப்பான ரூல்ல ஜெயிச்சவன்னு சொல்லிடக் கூடாதில்லையா? அதான் சொன்னேன். போகட்டும், சின்னப் பசங்க போகட்டும். நான் எத்தனை பந்தயம் பார்த்தாச்சு!"

கைதட்டல். அவருக்கு. லெக்சரர்தான் முதலில் தட்டினார். தோற்ற மனுஷன் தானம் கொடுத்தவராகி நின்றார். பகடையில் அவள் ஈட்டியது அவர் கையிலிருந்து விழுந்த பிச்சையாகிப் போயிற்று. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு விடுதலை. யாருக்கும் நஷ்டம் இல்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை. அவளுடைய ஆறு அவனுடைய பொய்யைக் கழுவிக் காயப்போட்டுவிட்டது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"கங்கிராட்ஸ்டி," என்று கிட்டே வந்தான்.

"காலையில சொல்லலைன்னு சொல்லு."

"அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் என்னடி?"

"ஜெயிச்சது இருக்கட்டும். நீ சொல்லலைன்னு சொல்லு."

"சும்மா இரு. எல்லாரும் பார்க்கறாங்க." பிறகு நடுவர் குரலுக்கு மாறி, "நடத்தை மதிப்பெண்?" என்றான்.

ஆர்க்கிடெக்ட் முந்திக்கொண்டார். "பத்து. பதினொண்ணு குடுக்க முடிஞ்சா அதுவும்."

எல்லோரும் எல்லோருக்கும் பத்துதான் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவனைக் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்கிற மாதிரி.

"பூஜ்யம்," என்றாள் அவள்.

அண்ணன் குனிந்து அவள் காதருகே வந்தான். "ஏய், மானத்தை வாங்காதடி. பூஜ்யம்னா நான் மைக்ல காரணம் சொல்லணும்."

"தெரியும். நீ எழுதின ரூலுதானே? காரணம் சொல்றேன், கேட்டுக்கோ. வெள்ளிக் குதிரைக்கு வால் போதும்னார், எலும்புக்கூட்டுக்கு முழு உடம்பும் வேணும்னார். தெரிஞ்சே செஞ்சார், பக்கத்துக்கு மஞ்சள் பூசி வெச்சுக்கிட்டுச் செஞ்சார். ஜட்ஜ் காலையில சொல்லாததைச் சொன்னேன்னார். அவ்வளவுதான்."

அவன் யோசித்தான். அவன் தலைக்குள் விதிகள் புரள்வது வெளியே தெரிந்தது. சட்டென்று முகம் தெளிந்தது.

"எதிராளியோட நடத்தைக்குத்தான் மார்க்கு. அதுல ஜட்ஜ் வரமாட்டாரு. கடைசி வரி செல்லாது."

புத்தகத்தில் எந்த ஓட்டையில் எந்த எலி நுழையும் என்று அவனுக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினவன் ஆயிற்றே!

மைக் கரகரத்தது. "மூணாம் மேசை. நடத்தை மதிப்பெண் பூஜ்யம். காரணம்... வெள்ளிக் குதிரைக்கு வால் போதும்னார், எலும்புக்கூட்டுக்கு முழு உடம்பும் வேணும்னார்... அப்படின்னு எதிராளி நினைக்கிறாங்க." மஞ்சளையும் விழுங்கினான். விழுங்கிப் பழகிய வாய்.

எங்கோ ஒருவன் மட்டும் களுக்கென்று சிரித்து, உடனே இருமினான். ஆர்க்கிடெக்ட் இரண்டு கையையும் விரித்து, குழந்தை பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அப்பனைப் போலப் புன்னகைத்தார். "பாவம், டென்ஷன்ல இருக்கு." வருஷா வருஷம் அவருக்குக் கிடைக்கும் நன்னடத்தைக் கோப்பை இந்தப் பூஜ்யத்தால் தப்பிப்போனது. உடனே லெக்சரர் எழுந்து, கோப்பை இல்லாவிட்டால் என்ன, அவருக்கு எழுந்து நின்று ஒரு கைதட்டல் என்றார். எழுந்து நின்றார்கள். தட்டினார்கள். தட்டிக்கொண்டே அவளைப் பார்த்த பார்வை! கூடத்தின் நடுவில் ஒருவர் அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது, அதைச் சுட்டிக்காட்டியவளை.

"ஜெயிச்சும் இப்படியா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

போர்டில் அணியின் பட்டியலை அண்ணன் எழுதினான். மூன்று பேரை எழுதி, நாலாவதாகப் பழக்கதோஷத்தில் 'டேப்பு தங்கச்சி' என்று எழுதி முடித்தான். அவள் போனாள். டஸ்டரைத் தேடவில்லை, உள்ளங்கையாலேயே அழித்தாள். பேனாவை அவன் விரலிலிருந்து பிடுங்கி, தன் பெயரை எழுதினாள். இனிஷியலோடு, பின்னால் பி.பார்ம் என்று பட்டத்தோடு. பட்டம் போட்டது திமிர்தான். போடட்டும்.

பல் டாக்டர் எட்டிப் பார்த்துப் படித்தார். "இதுவா உன் பேரு? இவ்வளவு நாளா தெரியவே தெரியாதும்மா."

"கேட்டாத்தானே சார் தெரியும்!" என்றாள்.

அன்று காகிதக் கப்புகள் மேசைகளிலேயே கிடந்தன. அவள் எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்து, பெட்டியில் அடுக்கினாள். ஒரு மண்டையோட்டில் கிரீம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கிரீமோடு வர்ணமும் சேர்ந்து வந்தது.

வெளியே, கேட்டுக்குத் தள்ளி நிறுத்திய வண்டியின் பக்கத்தில் அண்ணன் காத்திருந்தான். வெயில் இறங்கியிருந்தது. ஹெல்மெட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

"கோவமா?"

அவள் ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டினாள்.

"நான் உன் அண்ணன்டி. உனக்குச் சாதகமாச் சொன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? அதையும் நினைச்சுப் பாரு."

"எனக்குச் சாதகமாச் சொல்லுன்னு யாரு கேட்டா? நடந்ததைச் சொல்லுன்னேன்."

அவன் சாவியைத் துளையில் வைத்துவிட்டுத் திருப்பாமல் நின்றான். எதிர்ச் சுவரைப் பார்த்தான். யோசிக்கிறவன் மாதிரி, நிஜமாகவே எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான்.

"இல்லடி... சொன்னேன்னுதான் எனக்கு ஞாபகம். கடைசியில சொன்னேன்."

அவள் அவன் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. மத்தியானம் செந்தணலாக இருந்த காது இப்போது எந்தக் கூச்சமும் இல்லாமல் சாதாரணமாக இருந்தது. இத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த குமட்டல் அப்போதுதான் அவள் தொண்டைக்கு வந்தது. பிஸ்கட் தின்றவரைக் கண்டுகூட இவ்வளவு வரவில்லை.

பின்சீட்டில் ஏறினாள். எப்போதும் மடியில் வைத்துக்கொள்ளும் பெட்டியை அன்று இருவருக்கும் நடுவில் நிறுத்தி வைத்தாள். முதல் திருப்பத்திலேயே அதன் மூலை அவன் முதுகில் இடித்தது.

"பெட்டி குத்துதுடி. கொஞ்சம் தள்ளி வை."

"குத்தட்டும்," என்றாள்.